கரண்ட், போன், வண்டி மூன்றும் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு தாங்குமா?

கேள்வி: ஜூன் 12

கேரள எல்லையில், குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். என் கணிப்பைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம். ஒரே நாளில் கரண்ட், போன், வண்டி எல்லாம் நின்றுவிட்டால் சென்னை, கோவை, கொச்சி எல்லாம் மூன்று வாரத்தில் காலி. நம் மலையடிவாரம் மட்டும் தப்பிக்கும். தண்ணீர் இருக்கிறது, வயல் இருக்கிறது, காடு இருக்கிறது. ஒரு வருஷத்தில் தாத்தா காலத்து வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவோம். இப்போதைவிட நிம்மதியாகவே இருப்போம்.

ஜூன் 12, இரவு

பாதிக்குத்தான் என்னால் தலையாட்ட முடியும். நான் தேனி மாவட்டத்தில், கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். கரண்ட் நின்ற மறுநாள் முதல் ஆளாகக் கடையைப் பூட்டப்போகிறவன் நான்தான். அதனால் இதைப் பற்றி உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்திருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருக்கிறது என்கிறீர்கள். எந்தத் தண்ணீர்? வாய்க்கால் எட்டாத மேட்டுத் தோட்டங்களில் திராட்சையும் தென்னையும் போர்வெல் தண்ணீரில் நிற்கின்றன. 600 அடி, 800 அடி என்று இறக்கிய போர். ஆறரை அங்குலக் குழிக்குள் வாளி விட்டு இறைக்க முடியாது. அடிபம்பு வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தெருவுக்குத் தெரு நிற்கிற இந்தியா மார்க் 2 அடிபம்பு சுமார் 150 அடி வரை இழுப்பதற்காகச் செய்தது. அதற்குக் கீழே போகப் போகக் கை வலிக்கும், கம்பி அறும், தண்ணீர் வராது. 500 அடியில் நிற்கிற தண்ணீர் கணக்கில்தான் இருக்கும், குடத்துக்கு வராது.

பழைய வெட்டுக் கிணறுகளில் பல வற்றிவிட்டன, சிலவற்றில் குப்பை கொட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு கிணற்றின் மேல் டீக்கடை நடக்கிறது.

ஜூன் 12, கொஞ்சம் கழித்து

விளையாட்டின் விதிகளை முதலில் சொல்லிவிடுவோம், இல்லையென்றால் ஆளுக்கு ஒன்று பேசுவோம். மின்சாரம் என்ற இயற்கை விதியே செத்துப்போய்விட்டது என்றால் விவாதம் இங்கேயே முடிந்தது. நம் நரம்பில் ஓடுவதும் அதுதான். கூடலூரும் இருக்காது, குமுளியும் இருக்காது.

எல்லாம் நிற்கக் காரணம் சூரியப் புயல் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1859-ல் வந்ததில் தந்திக் கம்பியில் பொறி பறந்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் கரண்ட் இல்லை. ஆனால் அந்த அடியெல்லாம் துருவத்துப் பக்கம்தான் பலமாக விழும். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். 1963-ல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம்.

ஆகவே ஏன் நின்றது என்று கேட்க வேண்டாம். நின்றது. கரண்ட் கிடையாது, டீசல் பெட்ரோல் வராது, போன் வெறும் கண்ணாடி. இதிலிருந்து தொடங்குவோம்.

ஜூன் 13, காலை

கேள்வி கேட்டவர் "தண்ணீர் இருக்கிறது" என்றது முல்லைப் பெரியாறு விஷயத்தில் முக்கால்வாசி சரி. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் வைத்துக் கட்டி 1895-ல் திறந்த அணை அது. மேற்கே அரபிக் கடலுக்குப் போகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். எங்கும் பம்பு கிடையாது. தேக்கடியில் மதகைத் திறந்தால் சுரங்கம் வழியாகத் தானாக இறங்கும். மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் பவர்ஹவுஸ் ஓடாத நாட்களில் இரைச்சல் பாலம் வழியாகத் தண்ணீரைக் கீழே விடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அணையைக் கட்டிய எஞ்சினியர் பென்னிகுயிக் பெயரில் நம் பக்கம் பொங்கல் வைப்பதும் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதும் சும்மா இல்லை.

இன்னொரு சங்கதி. 2000-ல் ஒரு காட்டு யானை மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. அதோடு அணைக்குப் போகிற கரண்டை வெட்டிவிட்டார்கள். திரும்ப வந்தது 2021 ஜனவரியில்தான், அதுவும் மண்ணுக்கடியில் கேபிள் போட்டு. நடுவில் 20 வருஷம் ஜெனரேட்டரை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டு மாநிலமும் இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிற அந்த அணையில் லைன் கரண்டில் ஒரு பல்பு எரிய வழியில்லாமல் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

சரி, அப்புறம் எதற்கு முக்கால்வாசி? 104 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் சுரங்கத்துக்குள் ஏறாது. மழை பொய்த்த வருஷத்தில் அணையில் தண்ணீர் இருக்கும், நமக்கு இருக்காது. மழை அதிகமானால் வேறு தலைவலி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-ல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த அளவையும் தொட்டது. உபரித் தண்ணீரைத் திறந்தால் அது கேரளத்தில் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு பக்கம் போகும். திறப்பதற்கு முன்னால் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். போன் இல்லாமல் யார் சொல்வது? ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களில் நிறையப் பேர் நம் தோட்டத் தமிழர்கள்தான். காட்டுக்குள் ஆள் ஓட வேண்டும், இல்லையென்றால் மேட்டுக்கு மேடு தப்பு மேளம் அடித்துச் சொல்ல வேண்டும்.

அணைக்காக 1886-ல் எழுதிய 999 வருஷக் குத்தகைப் பத்திரம், சென்னையும் திருவனந்தபுரமும் எட்டாமல் போன நாளில் வெறும் காகிதம். வண்டிப்பெரியாற்றுக்காரரும் கூடலூர்க்காரரும் நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பேப்பரில் படிப்பதை வைத்துப் பார்த்தால் நடக்காது போலத் தோன்றும். எனக்கென்னவோ சீக்கிரம் முடிந்துவிடும் என்றே படுகிறது. அன்றைக்குத் தேர்தல் இருக்காதே.

ஜூன் 13, மதியம்

"ராணுவம் வந்துவிடும்" என்று எழுதியவருக்கு: எதில் வரும்?

ஜூன் 15

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், யானையைப் பற்றிப் பேசிக்கொண்டு விட்டுவிட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகிறது. தண்ணீர் தாராளமாக வருகிற வருஷத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. குறைந்துபோனால் முறை வைத்துத்தான் விட வேண்டும். இன்றைக்கு மேல்மடை, நாளைக்குக் கடைமடை. அந்த முறை ஒருநாள் தவறினால் மண்வெட்டி தூக்குவார்கள். சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே பார்த்திருக்கிறேன்.

அந்த முறையை இன்றைக்கு மேலிருந்து காப்பாற்றுவது அரசு, அதிகாரி, போலீஸ். கீழே மதகைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சிகள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாயும், எந்தக் கரை எலி வளையால் கசியும், யார் ராத்திரியில் வந்து மடையை உடைப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எழுதி வைத்ததில்லை. எங்கள் வாய்க்காலில் ஒருவர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவருக்குப் பிறகு அந்த விவரம் யாரிடமும் கிடையாது.

மோட்டார் நிற்பதைவிட எனக்குப் பயம் இதில்தான். மோட்டார் இல்லாமல் ஐந்து தலைமுறை விவசாயம் பார்த்திருக்கிறார்கள். முறை இல்லாமல் ஒரு போகம்கூட எடுத்ததில்லை. எல்லாம் நின்றபின் ஊர் மறுபடி எழுமா என்று கேட்டால், கடைமடைக்காரனுக்கு அவன் முறை வந்து சேர்கிறதா என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். மேல்மடைக்காரர் தண்ணீரை அடக்கிக்கொண்டார் என்றால் முடிந்தது. கீழே இருக்கிறவர்கள் நெல்லை விட்டுவிட்டுக் கூட்டமாக மேலே ஏறி வருவார்கள்.

அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கண்மாய், வாய்க்கால் தூர் வாருவார்கள். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் புகழ்கிறோம். வராதவர்களிடம் கூலியை வசூலிக்க 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று சட்டமே போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆசையாக வந்து மண் சுமந்தார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூன் 16

மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலையைக் கட்டி இறைக்கலாம் என்று ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தாத்தா கமலை ஓட்டியவர். அவர் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறுகிற வரைக்கும் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். தோல் பறி, வடம், உருளை எல்லாம் செய்யத் தனித்தனி ஆட்கள் வேண்டும். தோலைப் பதப்படுத்தத் தெரிந்தவர், வடம் திரிக்கத் தெரிந்தவர், உருளை கடையத் தெரிந்த ஆசாரி. இன்றைக்கு இதில் எத்தனை பேரை உங்களால் காட்ட முடியும்?

மாடு இருக்கிறதா? பால் மாடு இருக்கிறது, ஜெர்சி கலப்பு. அதை வடத்தில் பூட்டினால் பாவம், நின்ற இடத்தில் படுத்துவிடும். தேனிப் பக்கத்து மலைமாடு இன்னும் மிச்சம் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் காளைக்கன்றைப் பழக்கி வேலைக்குக் கொண்டுவர மூன்று வருஷமாவது ஆகும். அந்த மூன்று வருஷம் எதைச் சாப்பிடுவது என்று கமலைக் கட்சிக்காரர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. தாத்தா கமலை ஓட்டினார் என்றேனே, அது அவருடைய கிணறு இல்லை. பண்ணையில் வருஷக் கூலிக்கு இருந்தார். கூலி தானியமாக வரும், வாங்கிய கடன் தீராது. தாத்தா காலத்து வாழ்க்கைக்குத் திரும்புவோம், நிம்மதியாக இருப்போம் என்று கேள்வியில் இருக்கிறதே, அது யாருடைய தாத்தா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார் வந்தபோது சந்தோஷப்பட்டதில் என் தாத்தாவும் ஒருவர்.

ஜூன் 16, இரவு

"சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் கோபப்பட்டிருக்கிறார். நான் இழுக்கவில்லை ஐயா. ஊர்க் கிணறு, தண்ணீர் முறை, மண் சுமப்பது, தோல் பதப்படுத்துவது என்று பேச ஆரம்பித்தால் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாடு உரிக்கவும் மலம் அள்ளவும் மறுபடி யாரைக் கைகாட்டப்போகிறோம் என்பதை மூன்றாவது வாரத்தில் முடிவு செய்யப்போகிறீர்களா, முதல் நாளே பேசிக்கொள்வீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 18

போன் இல்லாவிட்டால் மனுஷன் மனுஷனோடு பேசுவான், நிம்மதி வரும் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பெட்டிமுடி ஞாபகம் வருகிறது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. மூணாற்றுக்கு அப்பால், ராஜமலைப் பக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் என்ற வரிசை வீடுகள் மேல் மலை சரிந்து விழுந்தது. 70 பேர் போனார்கள். பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் போன குடும்பங்கள். மழையில் கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அதற்குள் எத்தனை மணி நேரம் போய்விட்டது. உயிரோடு இருந்தவர்களே இருட்டில் கையால் சேற்றைத் தோண்டியிருக்கிறார்கள்.

எல்லாம் நின்ற உலகத்தில் மலையில் ஒவ்வொரு மழைக்கும் இந்தக் கதைதான். ஆகவே அரிசி, உப்பு சேர்ப்பதற்கு முன்னால் செய்தி கொண்டுபோகிற ஆட்களை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பேன். எஸ்டேட்டுக்கு இரண்டு பேர், கண்மாய்க்கு இரண்டு பேர். மழைக்காலத்தில் ராத்திரியில் தூங்காமல் காவல் இருக்கிற ஆட்கள். வழி தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரள எல்லை வழிகளை எல்லாம் அடைத்தபோது காட்டுப் பாதையில் ஏறி இறங்கியவர்கள் இருக்கிறார்களே, அன்றைக்குப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள்தான் முதலில் வேண்டும். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு ஏறுகிற பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையில் வாழும் பளியர் பழங்குடியினரைக் கேட்டால் இன்னும் பல வழிகள் சொல்வார்கள், சொல்ல அவர்களுக்கு இஷ்டம் இருந்தால்.

நம்மில் மிச்சப்பேருக்கு மலையேறிப் பழக்கம் சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக ஏறுவது ஒன்றுதான். அதிலும் பாதிப் பேர் குமுளி போய் ஜீப் பிடித்துவிடுகிறோம்.

ஜூன் 19

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. "எல்லாம் நின்றபின் எப்படி எழுவது" என்பது கற்பனை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

2000-க்குப் பிறகு பீருமேடு பக்கத்தில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடிக் கிடந்தன. சம்பளம் இல்லை, ரேஷன் இல்லை, லயங்களில் கரண்ட் வெட்டியாகிவிட்டது. முதலாளி கிளம்பிவிட்டார். தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? தொழிற்சங்கம் உட்கார்ந்து பேசி, தேயிலைச் செடியைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தது. அவரவர் பங்கில் கொழுந்து கிள்ளி விற்றுக் கஞ்சி குடித்தார்கள். வசதியான வாழ்க்கை இல்லை. பிள்ளைகள் படிப்பை விட்டுத் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலைக்குப் போனார்கள். லயத்துக் கூரை ஒழுகுகிறது. ஆனால் பாருங்கள், செடிக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கொழுந்து கிள்ளுகிற பெண்கள் "பெண்பிளை ஒருமை" என்று தாங்களாகவே சாலையில் உட்கார்ந்தார்கள், 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிவைத்து, கலையாமல் பார்த்துக்கொண்டு, எதிராளியோடு பேசி முடிக்கத் தெரிந்தவர்கள். எனக்குக் காயில் கட்டத் தெரியும், இது தெரியாது. புதுசாக ஊர் கட்டும்போது தலைமைக்கு எஞ்சினியரைத் தேடாதீர்கள், லயத்தில் போய்த் தேடுங்கள்.

ஜூன் 22

உப்பு. ஏன் யாருமே உப்பைப் பற்றிப் பேசவில்லை?

ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தால் வருஷத்துக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் பேர் இருக்கிற ஊருக்கு 1,800 கிலோ. ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும். மாட்டு வண்டிக்கு இரண்டு மூன்று லோடு. கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. தூத்துக்குடி இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். வண்டி நாளைக்கு 25 கிலோமீட்டர் போனால் போக மட்டும் எட்டு ஒன்பது நாள். வழியில் வழிப்பறி. திரும்பி வர அதே அளவு. போகும்போது என்ன ஏற்றிக்கொண்டு போவது? அங்கே உப்பளத்துக்காரருக்கு நெல் வேண்டும், நம்மிடம் மிச்சம் இருந்தால். சங்கப் பாட்டில் உமணர்கள் உப்பை ஏற்றிக்கொண்டு நெல்லுக்கு மாற்றப் போவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வியாபாரம்தான் திரும்ப வரும்.

இதில் கேள்வி கேட்ட குமுளி அண்ணாச்சியின் கதி என்ன? கேரளம் தான் சாப்பிடுகிற அரிசியில் பெரும்பகுதியை வெளியே வாங்குகிறது. மலை மேல் ஏலம், மிளகு, தேயிலை, காப்பி. அண்ணாச்சி, உங்கள் கடையில் பிரியாணிக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, பிரியாணிதான் இல்லை. இரண்டாவது வாரமே கொண்டை ஊசி வளைவில் இறங்கி வருவீர்கள். வாருங்கள், சோறு போடுகிறோம். மிளகு மூட்டை இரண்டு கொண்டுவாருங்கள், ஏலம் வேண்டாம். மருந்தடிக்காமல் ஏலச் செடியைக் காப்பாற்ற முடியாது, அடுத்த வருஷம் அதுவும் இருக்காது.

ஜூன் 22, இரவு

குமுளி அண்ணாச்சி பதில் எழுதியிருக்கிறார்: "மரச்சீனியை, அதாவது மரவள்ளியை மறந்துவிட்டீர்கள் தம்பி. மலையில் இரண்டு கம்பு ஊன்றினால் போதும், எட்டு மாதத்தில் கிழங்கு. நெல்லுக்காக உங்கள் காலில் விழ மாட்டோம்."

நியாயம். மரச்சீனியும் பலாவும் இருக்கிற வரை மலைக்காரருக்குப் பட்டினி இல்லை. பன்றிக்கு முன்னால் நீங்கள் தோண்டினால். சோலார் வேலியும் நின்றுபோயிருக்கும், ஞாபகம் இருக்கட்டும். யானைக்கும் பன்றிக்கும் நம் விவாதத்தில் இதுவரை யாரும் பங்கு ஒதுக்கவில்லை, அவை எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 25

மருந்து பற்றி எழுதச் சொன்னார்கள். சுருக்கமாக எழுதுகிறேன், பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. மண் பானையில் ஈரத்துணி சுற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அப்புறம் பாட்டிலே வராது. இந்தக் கேள்விக்கு மூலிகை வைத்தியப் பதில் எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு விவாத இழைக்குப் போகவும்.

செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. பம்பு நின்றால் குடிதண்ணீர் கெடும், குடிதண்ணீர் கெட்டால் வயிற்றுப்போக்கு வரும். முதல் மாதத்தில் அதிகம் கொல்லப்போவது அதுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலைமையில் திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அளவு இதுதான்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கரண்ட் வேண்டாம், டாக்டர் வேண்டாம். உப்பு வேண்டும். அதனால்தான் மூன்று நாளுக்கு முன்னால் அவ்வளவு நீளமாகக் கணக்குப் போட்டேன்.

ஜூன் 28

இரும்பு தீர்ந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: தீராது. நம் பக்கத்துக் கொல்லர்கள் இப்போதே லாரி ஸ்பிரிங் பட்டாவை வெட்டித்தான் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறார்கள். ஓடாத லாரி, ஜீப், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வண்டி என்று சாலை முழுக்க இரும்பு நிற்கும், பேரன் காலம் வரைக்கும் வரும். கரி வேண்டும், துருத்தி ஊதத் தெரிந்தவர் வேண்டும். இப்போது எல்லோரும் கரண்ட் ஊதியில்தான் ஊதுகிறார்கள். சைக்கிள் சக்கரத்தை வைத்துக் கையால் சுற்றுகிற ஊதி ஒன்றைச் செய்து தருகிறேன் என்று எங்கள் தெருக் கொல்லரிடம் சொன்னேன். "எதுக்குப்பா?" என்றார். காரணத்தைச் சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் தொழிலைப் பற்றியும் கேட்டார்கள். விதியைக் கொஞ்சம் தளர்த்தி, கரண்ட் வேலை செய்யும், ஆனால் மெயின் லைன் மட்டும் செத்துப்போனது என்று வைத்தால் நிலைமையே வேறு. நிலக்கரி, அணு மின் நிலையம் எல்லாம் நின்றுபோனால் திரும்பக் கிளப்புவதற்கே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். நீர் மின் நிலையத்துக்கு அது அதிகம் வேண்டியதில்லை, தண்ணீரைத் திறந்தால் சுழலும். லோயர் கேம்ப் நம் தலைமாட்டில் இருக்கிறது. கேபிளில் இருந்து ஆயில் வரை தெரிந்த ஆட்கள் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறார்கள். இடுக்கி மலையில் ஓடைத் தண்ணீரில் சின்னச் சக்கரம் வைத்து வீட்டுக்குப் பல்பு எரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. செப்புக் கம்பி என் கடையில் மூட்டையாக இருக்கிறது, எரிந்த மோட்டாரில் உரித்தது. அந்த உலகத்தில் நான் ராஜா. கேள்வி கேட்டவர் அந்த உலகத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது.

ஜூன் 28, இரவு

இல்லை, அந்த உலகத்திலும் நான் ராஜா இல்லை. கரண்ட் கொஞ்சமாக இருந்தால் அதற்கும் முறை வைக்க வேண்டும். மேல்மடைக்காரர் யார், கடைமடைக்காரர் யார் என்ற சண்டை கம்பியிலும் வரும். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்து வீட்டுக்கு வீடு டேங்க் நிரப்பிக் காசு வாங்கினார்களே. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் சொன்னதுதான் விலை. அங்கே போயிருந்த என் கூட்டாளி நல்ல காசு பார்த்தான், அதைச் சொல்லும்போது அவன் முகம் சரியில்லை.

ஜூலை 2

விதை பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில். கடையில் வாங்குகிற வீரிய ஒட்டுத் தக்காளி, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும், விளைச்சலும் இறங்கும். நெல்லில் வீரிய ஒட்டு அல்லாத ரகம் என்றால் சொந்த விதை எடுக்கலாம், கலப்பு பார்த்துப் பிடுங்கத் தெரிந்தவர் வேண்டும்.

என் அத்தை உத்தமபாளையம் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் இன்னும் சோளம், கம்பு, குதிரைவாலி போடுகிறார். அவரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: குதிரைவாலிக்கு ஆசைப்படாதே, உமி நீக்க மில் இல்லாமல் உரலில் குத்தி உன் பெண்டாட்டியால் முடியாது, உன்னாலும் முடியாது. கேழ்வரகு போடு, அப்படியே திரித்துக் களி கிண்டலாம். கம்பு போட்டால் கிளி ஓட்டப் பிள்ளைகளைக் காவலுக்கு வை, பள்ளிக்கூடந்தான் இருக்காதே. சோளத்தட்டை மாட்டுக்கு ஆகும்.

இத்தனை நாள் நாம் எழுதியதைவிட உருப்படியாக இருந்தது.

விதை வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். கேழ்வரகு, சோளம் இரண்டும் இருக்கிறது. ஒரு படி வாங்கினால் அறுவடையில் ஒன்றரைப் படி திருப்ப வேண்டும், தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்க மாட்டார். குமுளி அண்ணாச்சிக்கு மட்டும் இரண்டு படி. மரச்சீனிப் பேச்சுக்காக.